லமீஸின் ஃபோன் லார்னகாவில் இருக்கிறது

சைதா,
அக்டோபர் 8

மதிப்பிற்குரிய வஜ்தி உஸ்தாத் அவர்களுக்கு ஹியாம் எழுதிக்கொள்வது.

இங்கே நாங்கள் இருக்கிறோம். நலம் என்று எழுதலாமா என்று யோசித்துவிட்டு, இருக்கிறோம் என்று எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை உங்கள் அக்கா இன்ஸாஃபின் மருமகன் கையில் லார்னகாவுக்குக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஸஅத்தர் பொடியும் ஆலிவ் சோப்பும் இருக்கும். சோப்பு அக்கா கொடுத்தது, பொடி நான் கொடுத்தது. பொடியில் எள் கூடிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை லமீஸின் ஃபோனுக்கு ஓர் ஆறு இலக்க எண் வந்ததே, அதை வரவழைத்தது நான்தான். உங்களை எத்தனையோ தடவை அழைத்தேன், நீங்கள் எடுக்கவில்லை. அந்த எண்ணைப் பார்த்தாலாவது என்ன ஏது என்று கேட்பீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் என்னைக் கேட்காமல் அக்காவை அழைத்திருக்கிறீர்கள். அக்கா நேரே என் வீட்டுக்கு வந்துவிட்டார். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை, செருப்பையும் கழற்றவில்லை. "போய்ச் சேர்ந்த பொண்டாட்டி ஃபோனுக்குச் செய்தி வந்திருக்குன்னு என் தம்பி சொல்றான். அழவும் இல்ல, கத்தவும் இல்ல. கடையில வெங்காயம் தீந்துடுச்சுங்கிற மாதிரி சொல்றான். யாருடி பண்ற வேலை இது?" என்றார். நான்தான் என்றேன். "உனக்கு இருக்கிறது மூளையா களிமண்ணா?" என்று ஆரம்பித்து என் பாட்டன் பூட்டன் வரை இழுத்துவிட்டுத்தான் போனார். எனக்குக் கோபம் வரவில்லை. இப்போதெல்லாம் எனக்கு எதுவுமே சட்டென்று வருவதில்லை.

நீங்கள் அழைப்பையும் எடுப்பதில்லை, செய்தியையும் திறப்பதில்லை. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். காகிதத்தைப் படிக்காமல் விடுகிற வாத்தியாரை நான் பார்த்ததில்லை.

விஷயம் இதுதான். நாங்கள் சனிக்கிழமை தோறும் ஃபவ்வாஸின் இணைய நிறுவன அலுவலகத்தில், டயர் கடை மாடியில் கூடி என்ன செய்தோம் என்று லமீஸ் உங்களிடம் எவ்வளவு சொல்லியிருப்பாள் என்று தெரியாது. அவள் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிற மாதிரியே சொல்கிறேன். பெய்ரூட்டில் கோலா நிறுத்தத்தில் வாடகைக் கார்க்காரர்கள் "சைதா, சைதா" என்று கூவுவார்கள் அல்லவா? இணையத்திலும் அப்படித்தான். இந்த முகவரிக்குப் போகிறவர்கள் என் வழியாக வாருங்கள் என்று ஒவ்வொரு நிறுவனமும் கூவுகிறது. மற்றவர்கள் நம்பி ஏறிவிடுகிறார்கள். ஒருவன் தவறாகவோ திருட்டுத்தனமாகவோ கூவினால், சைதாவுக்கு என்று ஏறியவன் வேறு ஊரான சூரில் போய் இறங்குவான், பையும் பறிபோயிருக்கும். இதைத் தடுக்க, எந்த முகவரிக்கு யார் கூவலாம் என்று முகவரிக்கு உரியவரே கையெழுத்திட்டுப் பொதுப் பதிவகத்தில் வைக்கலாம். பதிவோடு பொருந்தாத கூவலைப் பெரிய நிறுவனங்கள் காதில் போட்டுக்கொள்ளக் கூடாது. இதற்காகத்தான் சம்பளம் இல்லாமல் இத்தனை வருஷம் ஒவ்வொரு கதவாகத் தட்டினோம்.

பெய்ரூட்டில் இருக்கிற அந்தப் பெரிய நிறுவனம், "அடுத்த வருஷம் பாக்கலாம் மேடம்" என்று லமீஸை விரட்டிக்கொண்டே இருந்ததே, அது இப்போது ஒத்துக்கொண்டுவிட்டது. நவம்பர் முதல் தேதியிலிருந்து பொருந்தாததையெல்லாம் தள்ளிவிடப் போகிறார்கள். கடிதம் வந்த அன்று ஃபவ்வாஸ் அதை உரக்கப் படித்தான். மடித்து வைத்துவிட்டு, "காப்பி இருக்கா?" என்று கேட்டான். அவள் இருந்திருந்தால் கீழே டயர் மாட்டுகிறவர்கள் வரை பக்லாவா இனிப்பு போயிருக்கும்.

இனிதான் சிக்கல். அல்-ரவ்தா சிறுநீரக மையத்தின் முகவரிகளுக்கும் லமீஸ்தான் பதிவு செய்து வைத்தாள். அப்போது அவர்களுக்கு இணைப்புக் கொடுத்தது ஸாஹில் நிறுவனம். அதனால் ஸாஹில் மட்டுமே கூவலாம் என்று கையெழுத்திட்டாள். அவள் போன பிறகு ஸாஹில் ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க முடியாமல் கடையைக் கட்டிவிட்டது. இப்போது மையத்துக்கு இணைப்புக் கொடுப்பது ஃபவ்வாஸின் நிறுவனம், அதாவது நாங்கள். பதிவை மாற்ற வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பெய்ரூட்டில் யாரும் சரிபார்க்காததால் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. முதல் தேதியிலிருந்து சரிபார்ப்பார்கள். பார்த்தால் நாங்கள்தான் திருடர்கள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதை இதுதான் உஸ்தாத்.

மையம் இணையத்திலிருந்து விழுந்தால் என்ன என்று கேட்பீர்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒவ்வொரு தடவையும் பெய்ரூட்டிலிருந்து அனுமதி வர வேண்டும், வராமல் இயந்திரத்தில் படுக்க வைக்க மாட்டார்கள். வேறு முகவரி கொடுக்கலாம் என்றால், அனுமதி அலுவலகத்துக்கு இந்தப் பழைய முகவரியைத்தான் தெரியும். அதை மாற்றிக் கொடுக்க வேண்டிய அதிகாரி வேலைநிறுத்தத்தில் இருக்கிறார். கனாஃபே கடை அபூ ஷஃபீக்கும் இப்போது அங்கேதான் போகிறார், உங்களுக்குத் தெரிந்திருக்காது. உங்கள் இருவருக்கும் பாகு தனியாகக் கட்டிக் கொடுப்பாரே, அவர்தான். போன வாரம் பார்த்தேன், ஆள் பாதியாகிவிட்டார். விஷயத்தைச் சொன்னதும், "ஊர் பூரா சர்க்கரை ஏத்தினவன் ரத்தத்தை மெஷின் கழுவுது மகளே. உன் கம்பி அறுந்துபோனா நான் அழுக்கோடயே போய்ச் சேர வேண்டியதுதான்" என்று சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை, சிரித்து வைத்தேன்.

பதிவில் ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும். ஆனால் அது லமீஸின் கணக்கில் இருக்கிறது. சின்ன நிறுவனக்காரர்கள் யாரும் உட்கார்ந்து செய்ய மாட்டார்கள் என்று எல்லாருடையதையும் அவளே தன் கணக்கில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஒரே ஆளை நம்பி இருக்காதீர்கள் என்று ஊர் ஊராகப் பேசியவர்கள் நாங்கள். ஊருக்குத்தான் உபதேசம். கடவுச்சொல் எனக்குத் தெரியும், ஃபவ்வாஸுக்கும் தெரியும், உங்கள் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவுக்கும் தெரியும். அதைக் கொடுத்த பிறகு ஆறு இலக்க எண் அவள் ஃபோனுக்கு வரும், ஐந்து நிமிடத்தில் காலாவதியாகிவிடும். அந்த ஃபோன் கடலுக்கு அந்தப் பக்கம், சைப்ரஸில், உங்கள் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

வேறு வழி தேடாமல் இல்லை. ஃபவ்வாஸ், "நாம ஸாஹில் பேரைச் சொல்லியே கூவிடலாமே, எவனுக்குத் தெரியப்போகுது?" என்றான். அது நாங்கள் இத்தனை நாள் பிடித்துக்கொண்டிருந்த அதே திருட்டு. அவனுக்கும் தெரியும். சொல்லிவிட்டு அவனே தலையைக் குனிந்துகொண்டான். இன்னொரு வழி, லமீஸ் இறந்துவிட்டாள் என்று பதிவகத்துக்கு எழுதுவது. எழுதினால் முதலில் கணக்கைப் பூட்டுவார்கள், பிறகு விசாரிப்பார்கள். அதற்குள் முதல் தேதி வந்துவிடும். அதோடு, அதை எழுத வேண்டியது நான் இல்லை.

அக்கா இன்னொன்றும் சொன்னார். நீங்கள் தினமும் காலையில் பதிவகத்தின் தேடல் பக்கத்தைத் திறந்து, சைதா முகவரி ஒன்றைப் போட்டு, பொறுப்பாளர் என்ற இடத்தில் அவள் பெயர் வருவதைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறீர்களாம். அதைத் தெரிந்துகொண்டபின் இந்தக் கடிதத்தை எழுதாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் லமீஸ் இருந்தால் என்னை விட்டிருக்க மாட்டாள். ஜெஸீனில் ஒரு நிறுவனத்தில், முதலாளி இறந்து எவ்வளவோ காலம் ஆகியும் அவர் பெயரையே பொறுப்பாளராக வைத்திருந்தார்கள். "ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா கல்லறைக்கா ஃபோன் போடுறது? எடுக்கிற ஆளு பேரைப் போடுங்கய்யா!" என்று அந்த வீட்டுக் கூடத்தில் நின்று கத்தினாள். அவர் மனைவி உள்ளேதான் இருந்தார். வெளியே வந்ததும் கார் கதவைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு நாக்குல சனி" என்று நின்றாள்.

பெயரைத் தொட மாட்டேன். இந்த ஒரு வரியை மட்டும் மாற்றிவிட்டு வெளியே வந்துவிடுகிறேன். பதினேழாம் தேதி, வியாழக்கிழமை, நண்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் நான் பொத்தானை அழுத்துவேன். ஃபோனைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வருகிற எண்ணை எனக்கு அனுப்புங்கள். பேச வேண்டாம், விளக்க வேண்டாம்.

அக்கா உங்களைச் சாப்பிடச் சொன்னார். நானும் சொல்கிறேன். இறைவன் உங்கள் நெஞ்சுக்கு இடம் கொடுக்கட்டும்.

ஹியாம்

சைதா,
நவம்பர் 4

அன்புள்ள வஜ்தி உஸ்தாத்,

மையம் ஓடுகிறது. இதை முதலில் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. முதல் தேதி காலையில் பெய்ரூட்டில் சரிபார்க்க ஆரம்பித்தார்கள். மேட்டுப் பக்கத்தில் ஒரு கேபிள்காரர் மட்டும் விழுந்தார். "உங்களை யாருடா காவல் காக்கச் சொன்னது?" என்று ஃபவ்வாஸைப் பிடித்துக் கத்தினார், பிற்பகலில் அவரையும் சரிசெய்துவிட்டோம். அபூ ஷஃபீக் வழக்கம்போலப் போய்ப் படுத்து, வழக்கம்போல நர்ஸிடம் வம்பு வளர்த்துவிட்டு வந்தார். அவருக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. எங்கள் வேலை சரியாக நடந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது.

அந்த வியாழக்கிழமையைப் பற்றி. நான் பொத்தானை அழுத்தினேன். ஃபவ்வாஸ் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் என் ஃபோனில் லமீஸ் என்ற பெயரும், ஹரீஸா மலையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எடுத்த அவள் படமும் வந்தன. அதன் கீழே ஆறு இலக்கம். ஃபவ்வாஸ் வெளியே போய்விட்டான். நான் எண்ணைப் போட்டேன், வரியை மாற்றினேன். வெளியே வரப் போகும்போது அதே பெயரில் இரண்டாவது செய்தி வந்தது. "லமீஸ் இறந்துவிட்டாள். நான் அவள் கணவன் வஜ்தி. அவள் பெயரையும் எடுத்துவிடவும். அங்கே எடுக்கிற ஆள் பெயர் வேண்டும்." புள்ளி முதற்கொண்டு சரியாக வைத்திருந்தீர்கள். அதை நீங்கள் எழுதி நான் பார்ப்பது அதுதான் முதல் முறை. அடக்கத்தின் போதுகூட நீங்கள் அதைச் சொல்லவில்லை.

எடுத்துவிட்டேன். அவள் பெயரை அழித்து, அதே கட்டத்தில் என் பெயரை எழுதிச் சேமித்தேன். ரொம்ப வலிக்கும் என்று பயந்துகொண்டிருந்தேன். பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது, கிள்ளினாலும் யாருடைய கன்னத்தையோ கிள்ளுவதுபோல. எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன். பிறகு ஃபவ்வாஸ் வந்து, "முடிஞ்சுதா?" என்றான். "முடிஞ்சுது." "கனாஃபே வாங்கிட்டு வரவா?" என்றான். வேண்டாம் என்றேன், இருந்தாலும் வாங்கி வந்தான். நாங்கள் இருவரும் சாப்பிட்டோம். உங்களிடம் சொல்வதற்கு என்ன, நன்றாகத்தான் இருந்தது.

நீங்கள் அங்கே உணவகத்தில் தபூலே சாலட்டுக்குக் கீரை நறுக்குவதாக அக்கா சொன்னார். பொடிப்பொடியாக நறுக்குகிறீர்களா, இல்லை சாக்பீஸ் பிடித்த வாத்தியார் கைக்கு வந்தபடிதானா? லமீஸ் நறுக்கினால் ஆட்டுக்குப் போட வைத்தது மாதிரி இருக்கும். அதையும் சாப்பிட்டோமே.

இப்போது ஒரு வேலைக்கு ஆள் தேடுகிறோம். எங்களுக்குச் சைதா எப்போதும் நன்றாக இருப்பதுபோலத்தான் தெரியும், நாங்கள் உள்ளே உட்கார்ந்திருக்கிறோம். வழி வெளியே அறுந்திருந்தால் உள்ளே இருப்பவர்களுக்குக் கடைசியில்தான் தெரியவரும். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அதற்கு இன்ஜினியராக இருக்க வேண்டியதில்லை. மையத்திலிருந்து தினமும் காலையில் லமீஸின் ஃபோனுக்கு ஒரு வரி வருகிற மாதிரி செய்துவைத்திருக்கிறேன். நாளை முதல் வரும். சைதா நலம் என்று மட்டும் இருக்கும். பதில் போட வேண்டாம். ஃபவ்வாஸிடம் சொன்னேன், "உஸ்தாதுக்கு வேலை குடுக்கிறியா, மருந்து குடுக்கிறியா?" என்று கேட்டான். உன் வேலையைப் பார் என்றேன்.

அந்த வரி வராத காலையில் மட்டும் நீங்கள் என்னை அழைத்துச் சொல்ல வேண்டும். சம்பளம் கிடையாது, எங்கள் யாருக்கும் கிடையாது.

அல்லாஹ் உங்களுக்குப் பொறுமையையும் பசியையும் தரட்டும். அவ்வப்போது காரணம் இல்லாமலும் என்னை அழையுங்கள் உஸ்தாத். உங்கள் குரலைக் கேட்பதற்காக எங்கள் கம்பி அறுந்துபோகட்டும் என்று என்னை வேண்டிக்கொள்ள வைத்துவிடாதீர்கள்.

ஹியாம்