ஆறரை மணிக் குளிசை

காலை ஆறரைக்கு என் கைப்பேசி இன்றும் அடித்தது. உனக்காக நான் வைத்த அலாரம் அது. நீ போய் எட்டு மாதமாகிறது, இன்னும் அதை நிறுத்தவில்லை. என் அண்ணனின் மகனான மருமகன் இரண்டு தரம் கேட்டுவிட்டார், "மாமி, அதை அழிச்சு விடட்டோ?" என்று. வேண்டாம் என்றேன். காரணம் கேட்டிருந்தால் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டேன். உனக்குத்தான் சொல்ல வேண்டும். உனக்கும் சொல்லாமல் விட்டால் இந்தக் கோபம் எனக்குள்ளேயே கிடந்து புளித்துவிடும்.

ஓம், கோபம்தான். உன் முப்பத்தோராம் நாளுக்குக் கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வந்தேன். பூசை முடிந்து எல்லோரும் உன்னைப் பற்றி நல்லது கதைத்தார்கள். கள்ளமில்லாத மனுஷி என்று உன் பக்கத்து வீட்டுக்காரி சொன்னபோது நானும் தலையாட்டினேன். அன்று பின்னேரம் வெள்ளவத்தைக்குத் திரும்பி வந்தபின், அந்தச் சொல்லுக்குத் தலையாட்டியதற்காக என் மீதே எனக்கு வெறுப்பாக இருந்தது. ஏனென்று பிறகு சொல்கிறேன்.

இருபத்தெட்டு வருஷம் ஒரே கந்தோரில், எதிரெதிர் மேசையில் தட்டெழுதினோம். நீ கொழும்புக் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். நான் கலியாணம் முடித்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள், சிங்களம் சரியாக வராது. பஸ்ஸில், தபால் கந்தோரில், மரக்கறிக் கடையில், எங்கே போனாலும் எனக்காகக் கதைத்தது நீதான். நான் வாய் திறந்தால் உனக்குச் சிரிப்பு வந்துவிடும். "நீ பேசாம நில்லு டீ. நீ பேசினா கத்தரிக்காய்க்குப் பதிலா உட்காருற கதிரையைத் தந்துருவான்" என்பாய்.

பென்சன் எடுத்த பிறகு நமக்குப் புதன்கிழமை இருந்தது. நீ பஸ் ஏறி வருவாய். பாலத்தடியில் காத்திருப்பேன். அங்கிருந்து காலி வீதியால் சந்தை மட்டும் நடந்து, சாமான் வாங்கி, என் வீட்டில் தேநீர் குடித்து, நாலு பேரைத் திட்டி, திரும்பிப் போவாய். அவரும் இல்லாமல், மகளும் வெளிநாடு போய்விட்ட காலத்தில் என் கிழமைக்கு இருந்த ஒரே நாள் அது.

ஒரு வருஷம் நீ திடீரென்று சாறிப் பைத்தியம் பிடித்தவள் ஆனாய். ஒவ்வொரு சாறிக் கடைக் கண்ணாடிக்கும் முன்னால் நிற்பாய். "இந்தக் கரையைப் பாரேன்", "அந்தப் பச்சை உனக்கு எடுப்பா இருக்கும்" என்பாய். இரண்டு நிமிஷம் நிற்பாய், நடப்பாய், அடுத்த கடையில் மறுபடி நிற்பாய். ஒன்றும் வாங்க மாட்டாய். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஒருநாள் கடையில்லாத இடத்தில், ஒரு வங்கியின் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றாய். அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று திரும்பினால், கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாய். முகம் வெளிறிப்போயிருந்தது.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டேன்.

"சாறி பார்க்கத் தொடங்கின நாளா" என்றாய். இரண்டு பேரும் அந்த இடத்திலேயே நின்று சிரித்தோம். அது நீ எனக்குச் செய்த முதல் ஒளிப்பு. அதைப் பகிடியாக எடுத்துக்கொண்டது என் பிழை.

கால் டொக்டரைப் பார்க்கச் சனல் பண்ணி நம்பர் எடுத்தது நான். இரண்டு கிழமை காத்திருந்து இடம் கிடைத்தது. உள்ளே போக முன் என் கையைப் பிடித்து, "நீ கதை, எனக்குப் பயமா இருக்கு" என்றாய். நம் ஆட்களின் வழக்கம் அது. வருத்தக்காரர் கதிரையில் இருப்பார், கூடப் போனவர்தான் கதைப்பார். தாய்க்கு மகள் சொல்லுவாள், புருஷனுக்குப் பெண்சாதி சொல்லுவாள். என் அம்மாவுக்கும் அவருக்கும் நான் சொல்லியிருக்கிறேன். அதனால் நானும் யோசிக்கவில்லை. ஆனால் அந்த டொக்டர் கதைத்தது சிங்களம். கொட்டாஞ்சேனைக்காரி நீ வாயை மூடிக்கொண்டு இருக்க, கத்தரிக்காயை ஒழுங்காகக் கேட்கத் தெரியாத நான் உனக்காகக் கதைத்தேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. அந்த இடத்திலாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அவர் காலைத் தொட்டுப் பார்த்தார், ஸ்கான் துண்டைப் பார்த்தார். இரத்தக் குழாய் ஒடுங்கியிருக்கிறது, நடக்கும்போது சதைக்குப் போதிய இரத்தம் போகவில்லை என்றார். ஒரு குளிசை இருக்கிறது, அது கொஞ்சம் கொஞ்சமாக நடக்கும் தூரத்தைக் கூட்டும் என்றார். பேனையை எடுத்துவிட்டு, எழுதாமல் நிமிர்ந்து கேட்டார். இருதயத்தில் ஏதும் வருத்தம் இருக்கிறதா? கிளினிக் போகிறாரா? மருந்து எழுதிய கொப்பி இருக்கிறதா?

நான் உன்னைப் பார்த்தேன். நீ சாறிக் கரையை மடியில் நீவிக்கொண்டிருந்தாய்.

"நே டொக்டர். பிரஷர் விதரய்" என்றேன். இல்லை டொக்டர், பிரஷர் மட்டும்தான். என் வாழ்நாளில் ஒரு பிழையும் இல்லாமல் சொன்ன சிங்கள வசனம் அது.

அவர் எழுதித் தந்தார். காலையும் பின்னேரமும், சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முந்தி, வெறும் வயிற்றில். சாப்பாட்டோடு சேர்த்துப் போடக் கூடாது. வேறு எந்த மருந்து தொடங்க முன்னும் அவரிடம் கேட்க வேண்டும். நெஞ்சு படபடத்தால், மூச்சு வாங்கினால், கால் வீங்கினால் உடனே வர வேண்டும். ஒரு மாதத்தில் எப்படியும் திரும்பக் காட்ட வேண்டும். எல்லாவற்றையும் தமிழில் எழுதி உனக்கு ஒரு துண்டு தந்தேன், என் குளிர்சாதனப் பெட்டியிலும் ஒன்று ஒட்டினேன். அலாரம் வைத்தேன். காலை ஆறரைக்கு ஒன்று, பின்னேரம் ஆறரைக்கு ஒன்று.

"குளிசை போட்டிட்டியோ?"

"போட்டேன் டீ, போட்டேன். போலீஸ்காரி."

ஒரு நாளைக்கு இரண்டு தரம். ஒரு நாளும் நான் தவறவிடவில்லை. காய்ச்சலில் படுத்திருந்த நாளிலும் எழுந்து உனக்குப் போன் எடுத்தேன். அந்தக் கணக்கை நான் கூட்டிப் பார்ப்பதில்லை. பார்த்தால் எனக்கு நித்திரை வராது.

முதலில் தலையிடி என்றாய், பிறகு அது போனது. ஆறாவது கிழமையோ ஏழாவது கிழமையோ ஒரு புதன்கிழமை, பாலத்தடியிலிருந்து சந்தை மட்டும் ஒரே நடையில் நடந்தாய். ஒரு கடைக்கும் முன்னால் நிற்கவில்லை. சந்தை வாசலில் திரும்பி, ஓட்டத்தில் வென்றவள் போல இரண்டு கையையும் தூக்கினாய். மரக்கறிக்காரன் என்னவோ என்று பார்த்தான். நான் ரோட்டில் நின்று அழுதேன். அந்தச் சந்தோஷத்தையும் நீ இப்போது கெடுத்துவிட்டாய்.

அதற்கு முந்தி, மாதம் முடிய டொக்டரிடம் போகக் கேட்டிருந்தேன். "மகனோட போயிட்டு வந்தேன், அதையே தொடரச் சொன்னார்" என்றாய். நீ போகவேயில்லை. பழைய துண்டைக் காட்டி உன் வீட்டுக்குப் பக்கத்துப் பாமசியில் வாங்கியிருக்கிறாய். பிறகு ஒருநாள் புதுச் செருப்போடு வந்தாய், பழையதை விட ஒரு அளவு பெரிது. "நடந்து நடந்து கால் வளர்ந்து போச்சு" என்றாய். நானும் சிரித்தேன். கால் வீங்கினால் என்று என் கையாலேயே எழுதிய துண்டு வீட்டில் ஒட்டியிருக்கச் சிரித்தேன். தலையணை ஒன்று போதவில்லை, மூன்று வைத்துப் படுக்கிறேன் என்று தொலைபேசியில் சொன்னபோதும், மகாராணிக்கு மூன்று வேண்டும்தானே என்று பகிடி விட்டேன். அந்தப் பங்கு என்னுடையது. அதை உன் தலையில் போட மாட்டேன்.

அடுத்த புதன்கிழமை நீ வரவில்லை. உன் மகன் போன் எடுத்து, நீ ஆஸ்பத்திரியில் என்றான்.

வார்டில் ஒரு இளம் பெண் டொக்டர், தமிழ்ப் பிள்ளை. உன் குளிசைப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். "இதை யார் எழுதினது அம்மா? இவவுக்கு இதயம் பலவீனம் எண்டு அவருக்கு ஒருத்தரும் சொல்லேல்லையா?"

"அப்பிடி ஒண்டும் இல்லையே பிள்ளை" என்றேன்.

"ரெண்டு வருஷமா இருதய கிளினிக் போறா. இப்பதான் மகன் சொன்னார்." குளிசைப் பெட்டியைக் கட்டில் ஓரத்தில் வைத்தாள். "இதாலதான் எண்டு நான் சொல்ல மாட்டன். இதயம் ஏற்கனவே நல்லாப் பலவீனம். ஆனா இப்பிடி இதயம் உள்ள ஆளுக்கு இந்தக் குளிசை குடுக்கவே கூடாது. கேட்டிருப்பாரே?"

"கேட்டவர்" என்றேன். "நான்தான் இல்லை எண்டு சொன்னனான்."

அந்தப் பிள்ளை என்னைப் பார்த்த பார்வையை நீ பார்க்கவில்லை. நீ ஒட்சிசன் முகமூடியோடு கண்ணை மூடிக் கிடந்தாய். பார்வையாளர் நேரம் முடியப் போகும்போது கண் திறந்தாய். முகமூடியை விலக்கி, "கோவமா?" என்றாய்.

"ஏனடி என்னட்டச் சொல்லேல்லை?"

"சொன்னா நீ டொக்டர்கிட்ட சொல்லிருப்பே. உனக்குத்தான் பொய் வராதே." மூச்சு எடுத்துக்கொண்டு, "குளிசை இல்லாட்டி புதன் இல்ல டீ" என்றாய். நான் முகமூடியைச் சரியாக்கிவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் நீ போய்விட்டாய்.

அந்த ஒரு மாதமும் உன்னை மன்னித்துவிட்டதாகவே நினைத்தேன். இதயத்தை ஒளித்தாள், ஆனால் குளிசை அதற்குக் கூடாது என்று அவளுக்கு எப்படித் தெரியும், பாவம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு அந்த முப்பத்தோராம் நாள், உன் மருமகள் ஒரு சாறிக் கடைப் பையை என்னிடம் தந்தாள். "அன்ரி, இது மாமியோட அலுமாரில சாறிகளுக்கு அடியில இருந்திச்சு. உங்களுக்கு எண்டு நினைச்சன்" என்றாள். அவள் அதைத் திறந்து பார்க்கவில்லை. பஸ்ஸில் வரும்போது நான் திறந்தேன். உள்ளே இருந்தது சாறி இல்லை, உன் கிளினிக் கொப்பி.

நாம் கால் டொக்டரிடம் போனதற்கு மூன்று கிழமைக்கு முந்திய பக்கம். கால் நோவைப் பற்றி நீ அங்கே கேட்டிருக்கிறாய். அந்தக் குளிசையின் பெயரை எழுதி, கொடுக்கக் கூடாது என்று சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டிருந்தார்கள். பக்கத்தில், நோயாளிக்கு விளக்கிச் சொல்லப்பட்டது என்று இருந்தது.

விளக்கிச் சொல்லப்பட்டது. நீ அறிந்துதான் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாய். பயத்தில் இல்லை. உனக்குப் பொய் சொல்ல ஒரு வாய் தேவைப்பட்டது, யாரும் நம்பக் கூடிய வாய். என் வாயை எடுத்துக்கொண்டாய். இருபத்தெட்டு வருஷம் எனக்காகக் கதைத்தவள், ஒரே ஒருநாள் என்னைக் கதைக்க விட்டாய், அது இதற்காக. பிறகு ஒவ்வொரு நாளும் இரண்டு தரம் என்னையே கொண்டு உனக்கு அதை ஊட்டுவித்தாய்.

இன்னும் ஒன்று அந்தப் பக்கத்தில் இருந்தது. அதுதான் எனக்கு ஆறவே இல்லை. மெதுவாக நடக்கவும், நோவு வந்தால் நிற்கவும், நோவு போனதும் மறுபடி நடக்கவும் என்று எழுதியிருந்தார்கள். நீ சாறிக் கடைகளுக்கு முன்னால் செய்துகொண்டிருந்தது அதைத்தானே? அதுவே உனக்கு மருந்தாக இருந்தது. சொல்லியிருந்தால் எத்தனை கண்ணாடிக்கு முன்னாலும் உன்னோடு நின்றிருப்பேன். சந்தைக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆனாலும் நின்றிருப்பேன். புதன் இருந்திருக்கும். நான் வேகமாக நடக்கிற ஒருத்திக்காகவா காத்திருந்தேன்?

போன மாதம் எனக்கும் கெண்டைக்கால் பிடிக்கத் தொடங்கியது. அதே டொக்டரிடம் தனியாகப் போனேன். மருமகன் கூட வரக் கேட்டார், வேண்டாம் என்றேன். உன் சாறிப் பைக்குள் என் கொப்பி, பழைய துண்டுகள், நான் போடும் எல்லாக் குளிசைகளின் அட்டைகளும் போட்டுக் கொண்டுபோனேன். அவர் பேனையை எடுத்து, அதே இடத்தில் நிறுத்தி, நிமிர்ந்து கேட்டார். இருதயத்தில் ஏதும் வருத்தம் இருக்கிறதா?

என்னால் உடனே இல்லை என்று சொல்ல முடியவில்லை. பையை அப்படியே மேசையில் கொட்டினேன். "மட்ட தன்னே நே டொக்டர்" என்றேன். எனக்குத் தெரியாது, நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். பிறகு, சிரமப்பட்டு, என் உடைந்த சிங்களத்தில், முன்பு இந்த அறையில் இன்னொருத்திக்காக நான் சொன்ன பதில் பிழை என்றும் சொன்னேன். அவர் பேனையை மூடி வைத்துவிட்டு முழுதையும் கேட்டார். என்னைத் திட்டவில்லை. இதயத்தை ஸ்கான் எடுத்து, நல்லது என்று கண்ட பிறகுதான் எழுதித் தந்தார்.

அதனால் அந்த அலாரம் இப்போது எனக்குத்தான் அடிக்கிறது. வெறும் வயிற்றில், அரை மணித்தியாலம் முந்தி. உன் கொப்பி அலுமாரியில் என் சாறிகளுக்கு மேலே, எல்லோருக்கும் தெரியக் கிடக்கிறது. உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இன்று புதன்கிழமை, கொஞ்சத்தில் பாலத்தடிக்குப் போவேன், கால் பிடிக்கும் இடத்தில் நிற்பேன். போட்டிட்டியோ என்று என்னைக் கேட்க ஒருத்தரும் இல்லை. நீ கேட்டதாக வைத்துக்கொள்கிறேன்.

போட்டனடி. கொப்பியைக் காட்டிப்போட்டுத்தான் போட்டனான்.