சஹருக்கு எழுப்புகிறவர்

பிப்ரவரி 26, புதன்

கடை முடிந்ததும் பாரிமுனை போய் இவருடைய மாத்திரையை வாங்கி வந்தேன். மருந்துக் கடையில் பில் போடுகிறவள், புருஷன் மருந்துக்கு பஸ் ஏறிப் போகிறாள். நல்ல கூத்து. எங்கள் கடையில் வாங்கினால் பொழுது சாய்வதற்குள் தண்டையார்பேட்டை முழுக்கத் தெரிந்துவிடும் என்று மாமியாருக்குப் பயம். யாராவது கேட்டால் பி.பி. மாத்திரை என்று சொல்ல வேண்டும். டாக்டர் சொன்ன பேர் பைபோலார். எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பேரை வாயால் சொன்னதில்லை.

நோன்பு வருகிறது. இந்த மாத்திரைக்கு நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், தூக்கமும் கெடக் கூடாது, அதனால் நோன்பு வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவர் உடனே தலையாட்டினார். அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

முதல் நோன்பு. விடியுமுன் சாப்பிடுகிற சஹர் சாப்பாட்டுக்கு எனக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்திருக்கிறார். "நானும் வெக்கிறேன் ஜஸீ."

நான் அவரை முறைத்தேன். மாமி என்னை முறைத்தார். "ஊரே நோன்பு இருக்கச்சொல்லோ அவன் மட்டும் சோறு துன்னா நாலு பேரு இன்னான்னு கேக்க மாட்டான்? நாளிக்கு உமைமாவ எவன் கட்டுவான்?"

என் மகள் உமைமாவுக்கு ஏழு வயசு.

மார்ச் 5

மாத்திரை அட்டை பிரிக்காமல் இருக்கிறது. கேட்டேன். "பெருநாள் முடியட்டும், அப்பால போட்டுக்கறேன். இப்ப இன்னா, நல்லாத்தான கீறேன்?"

நல்லாத்தான் இருக்கார். கன்டெய்னர் யார்டில் நாளெல்லாம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிவிட்டு வந்து, பள்ளிவாசலில் கஞ்சி ஊற்ற ஓடுகிறார். பாட்டு வேறு. நல்லா இருக்கறதுதான் பயமா இருக்கு. இதை யார்கிட்டப் போய்ச் சொல்றது?

மார்ச் 7

எங்கள் தெருவில் தப்ஸ் அடித்துப் பாடிக்கொண்டு சஹருக்கு எழுப்புகிறவர் ஷாகுல் ஹமீது மாமா. அவருக்கு முட்டிவலி. இவர் அந்த மேளத்தை வாங்கிக்கொண்டார்.

பக்கத்து வீட்டு மங்கை அக்கா சொன்னாங்க: "உன் வூட்டுக்காரர் கொரலு சோக்கா கீது ஜஸீமா. எனக்கு இனிமே அலாரமே வாணாம்." பள்ளிவாசலில் எல்லோரும் இவரைப் பற்றி "மாஷா அல்லாஹ், ஒவைஸுக்கு என்ன ஈமான், என்ன இறைநம்பிக்கை" என்கிறார்களாம். மாமிக்குப் பெருமை தாங்கவில்லை.

தெருவை எழுப்புகிற ஆள் தூங்கவே இல்லை. இது எனக்கு மட்டும்தான் தெரியும்.

மார்ச் 8

என் மிக்ஸியை மங்கை அக்காவுக்குத் தர்மம் பண்ணிவிட்டார். அவங்க கூச்சப்பட்டுத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தாங்க. சாயங்காலம் மல்லிகைப்பூ. மாமி பார்க்கப் பார்க்க என் கையைப் பிடித்து, "நீ இல்லேன்னா நான் ஒண்ணுமில்ல ஜஸீ" என்றார்.

இப்படிப் பேசி எவ்வளவு நாளாச்சு! மாத்திரை போடுகிற காலத்தில் வார்த்தையை அளந்துதான் பேசுவார். நான் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டது இந்த ஆளைத்தான். இதில் எது இவர், எது வியாதி? கொஞ்சுகிற நேரத்தில் கண் எப்படி இருக்கிறது, பேச்சு எவ்வளவு வேகம் என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன். சீ. என்ன பொண்டாட்டி நான்.

மார்ச் 9

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். அவ்வளவுதான். சுவரில் குத்தினார். "நான் சந்தோசமா இருந்தா உனக்குப் பொறுக்காதா? மாத்திரயக் குடுத்துக் குடுத்து என்னியப் பொணமா வெச்சிக்கினு இருந்தீங்க!"

"உன் கண்ணே படும்டி அவனுக்கு" என்றார் மாமி.

அப்புறம் இவரே சமாதானமாகி, பெருநாளுக்கு உமைமாவை எண்ணூருக்குக் கூட்டிப்போய்க் கப்பல் காட்டப் போகிறாராம். போன தடவையும் இதேதான் சொன்னார். கடலோரப் பாறை மேல் பிள்ளையை உட்கார வைத்துவிட்டு, கப்பல்காரனிடம் பேசிவிட்டு வருகிறேன் என்று போனவர் திரும்பவே இல்லை. அலை காலில் அடிக்க அழுதுகொண்டிருந்தவளை மீன் வாங்க வந்த ஒரு அம்மாதான் தூக்கி வந்தாங்க. அப்புறம் மாசக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். செத்துடறேன், செத்துடறேன்னு. நான் பாத்ரூம் கதவைக்கூடப் பூட்ட விடவில்லை.

அல்லாஹ், மறுபடியும் வேண்டாம்.

மார்ச் 11

தெருவில் கூச்சல் கேட்டு எழுந்தேன். பக்கத்தில் உமைமா இல்லை.

செருப்புப் போடாமல் ஓடினேன். தெருவே வாசலில் நின்று கத்துகிறது. நாலு மணிக்கு எழுப்ப வேண்டியவர் எல்லோரையும் ஒரு மணிக்கே எழுப்பி விட்டிருக்கிறார். பாதிப் பேர் சாப்பிட்டே முடித்துவிட்டார்கள். "கீப்பாக்கம் கேஸுடா இவன்" என்று ஒருத்தன். எம் புள்ள எங்க, எம் புள்ள எங்கன்னு நான் கேக்கறேன், ஒருத்தருக்கும் காதுல விழல.

தெருக்கோடியில், மெயின் ரோட்டு ஓரம், மூடிய கடைப் படியில் தூங்கிக்கொண்டிருந்தாள். மடியில் தப்ஸ். டிரெய்லர் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. "அத்தா இங்கயே இருன்னாரு" என்றாள். இவர் அடுத்த தெருவை எழுப்பப் போய்விட்டார், வெறும் கையைத் தட்டிக்கொண்டு.

மார்ச் 12

பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்தார். ஷாகுல் ஹமீது மாமா காலை இழுத்துக்கொண்டு கூடவே.

"நோன்ப முறிச்சா பாவம் ஹஜ்ரத்" என்றார் இவர்.

"நோயாளிக்குச் சலுகை அல்லாஹ் குடுத்ததுப்பா. வேணாம்னு சொல்ல நீ யாரு?"

"எனக்கு இன்னா நோயி? பி.பி. தான?" என்று சிரித்துக்கொண்டே மாமியைப் பார்த்தார். "சொல்லும்மா."

நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் மாமி முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார்: "பைபோலாரு, ஹஜ்ரத். எம் புள்ளிக்கு பைபோலாரு."

இவர் சிரிப்பு அப்படியே நின்றது. சின்னப் பிள்ளை மாதிரி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். வாங்கிக் குடித்தார். அப்புறம் ஆட்டோ, ஆஸ்பத்திரி.

மார்ச் 21

வீட்டுக்கு வந்துவிட்டார். கை நடுக்கம் இருக்கிறது. என்னோடு பேசவில்லை. ஒரே ஒரு தடவை, "நீதான ஹஜ்ரத்த கூட்டாந்த?" என்றார். ஆமாம் என்றேன். ஏறின மனசு இனிமேல் இறங்கும், கவனமாக இருங்கள் என்கிறார் டாக்டர். பாத்ரூம் தாழ்ப்பாளை இன்றைக்கே கழற்றி வைத்தேன்.

இந்தத் தடவை மாத்திரையை எங்கள் கடையிலேயே வாங்கினேன். யாருக்கு என்று முதலாளி கேட்டார். எங்க வீட்டுக்காரருக்கு என்றேன்.

மார்ச் 27

ஷாகுல் ஹமீது மாமா மறுபடி வருகிறார், முட்டியில் துணி கட்டிக்கொண்டு. தெருமுனையிலிருந்து தப்ஸ் கேட்டுக்கொண்டே வந்தது. மங்கை அக்கா வாசல்வரை வந்தது. அதோடு நின்றுவிட்டது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுந்து உட்கார்ந்தேன். எங்கள் வாசலை அவருடைய செருப்புச் சத்தம் மட்டும் மெதுவாகக் கடந்து போனது. அடுத்த வீடு தாண்டித்தான் மறுபடி அடித்தார்.

பக்கத்தில் கை வைத்துப் பார்த்தேன். இவர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். பாத்திரம் சத்தம் போடாமல் அடுப்பைப் பற்ற வைத்தேன்.