ஒளித்துவைத்த பூஜ்யங்கள்

மார்ச் 3, செவ்வாய்

அம்மாவின் ராணுவ கம்பெனி வாசலில் ஒரு பலகை: "குடித்துவிட்டு வண்டி ஓட்டி யாரும் பிடிபடாத நாட்கள்." இன்று 88. நூறு வந்தால் எல்லோருக்கும் நான்கு நாள் விடுமுறை. தினமும் ஏணியில் ஏறி எண்தகட்டை மாற்றுவது சார்ஜன்ட் மெர்சரின் வேலை. அதாவது, என் அம்மா.

போன மாதம் 77 பக்கத்தில் நான் இன்னொரு 7 மாட்டினேன். 777! தண்டனையாக இரண்டு லாரி கழுவினேன். "பட்டை அடித்தால் சட்டையில் பட்டை போகும்" என்று பலகைக்கு ஒரு வாசகமும் எழுதிக் கொடுத்தேன். அம்மாவுக்கு மேலே இருக்கும் ஃபர்ஸ்ட் சார்ஜன்ட் பெட்டிஸ் சிரிக்கவில்லை. மீசை மட்டும் ஆடியது.

மார்ச் 14, சனி

அம்மா. வேறு யாருமில்லை — அம்மா.

நேற்று ஊருக்குள் யாருக்கோ வழியனுப்பு விருந்து. திரும்பும்போது நகரப் போலீஸ் ஊதச் சொல்லியிருக்கிறது. அளவுக்கு மேல். காலையில் நான் போய்க் கூட்டிவந்தேன். வழியெல்லாம் அம்மாவிடம் ஒரே பேச்சு: "சிக்னல் வருது, மெதுவாப் போ."

மார்ச் 15

பலகை வெள்ளிக்கிழமையின் 98-இல் நிற்கிறது. நாளை அம்மாவே பூஜ்யம் மாட்ட வேண்டும். எல்லோர் முன்னாலும்.

எண்தகட்டுப் பெட்டி எங்கள் கராஜில்தான். மூன்று பூஜ்யங்கள். இப்போது என் சாக்ஸ் டிராயரில். பூஜ்யமே இல்லையென்றால் எப்படி மாட்டுவார்களாம்?

மார்ச் 16

முகாமுக்குள் அம்மா ஓராண்டு வண்டி ஓட்டக் கூடாது. நான்தான் ஓட்டினேன். அம்மா ஏணியில் நின்று பெட்டியைத் துழாவினாள். துழாவிக்கொண்டே இருந்தாள்.

"என்ன சார்ஜன்ட், பூஜ்யத்தையும் சேத்து முழுங்கிட்டீங்களா?" என்றார் பெட்டிஸ்.

"காணோம், ஃபர்ஸ்ட் சார்ஜன்ட்."

ஒருவரும் நம்பவில்லை. நான் காருக்குள் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்தேனா? இல்லை.

மார்ச் 19

ஜெனரலிடமிருந்து கண்டனக் கடிதம். அதில் ஒரு வரி: "தன் தவறை மறைக்கவும் முயன்றதாகத் தெரிகிறது."

அது என் வரி. நான் செய்தது.

பதில் எழுத ஏழு நாள். பிறகு ஜெனரல் முடிவு செய்வார். கடிதம் உள்ளூர்க் கோப்புக்குப் போனால் கொஞ்ச நாளில் கிழித்துவிடுவார்கள். நிரந்தரக் கோப்புக்குப் போனால் பதவி உயர்வு இல்லை. மெல்ல வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இருபது வருஷம் முடித்தால்தான் பென்ஷன். அம்மாவுக்குப் பதினேழு.

மார்ச் 20

பெட்டிஸின் மேசைமேல் மூன்று பூஜ்யங்களையும் வைத்தேன்.

"உங்க அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"உக்காரு கெல்சி. நடந்தத எழுதிக் கையெழுத்துப் போடு. இதுல ஒரு ஜோக் இருந்துச்சுன்னா, உன்னை நானே லாரிக்கடியில போடுவேன்."

எழுதினேன். ஜோக் எதுவும் வரவில்லை.

வீட்டில் அம்மா திட்டுவாள் என்று நினைத்தேன். "பெட்டியில பூஜ்யம் இல்லைன்னதும் ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமா இருந்துச்சுடீ," என்றாள். "அதான் பயமா இருக்கு."

மார்ச் 21

பூஜ்யத்தை அம்மா மாட்டிவிட்டாள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 24

நீதிமன்றத்தில் வழக்கைக் குறைத்துவிட்டார்கள்! வெறும் "கவனமின்றி ஓட்டியது", அவ்வளவுதான். கேக் வாங்கி, பச்சை கிரீமில் "தப்பிச்சாச்சு" என்று எழுதச் சொன்னேன். அம்மாவும் சிரித்தாள். பெட்டிஸுக்கு போன் போட்டுச் சொன்னோம்.

"கோர்ட்டு வேற, ஜெனரல் வேற, சார்ஜன்ட்," என்றார். "கேக்கை இப்ப வெட்டாதீங்க."

ஏற்கெனவே "தப்பி" வரை தின்றிருந்தோம்.

மே 1

நிரந்தரக் கோப்பு.

"என்னாலயாம்மா?"

"நீ எழுதிக் குடுத்ததும் அந்த வரியை எடுத்துட்டாங்க. வண்டிய ஓட்டினது நான். நீ பின்சீட்லகூட இல்ல."

அப்புறம் பாத்திரம் கழுவப் போனாள். கழுவின பாத்திரங்களையே.

மே 14

கம்பெனியில் இன்னொருவன் பிடிபட்டான். டகன். பத்தொன்பது வயது. பலகை வேலையை மட்டும் அம்மாவிடமிருந்து யாரும் பிடுங்கவில்லை. காலையில் டகன் கீழே தலை குனிந்து நின்றான்.

அம்மா அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "ஏணியப் பிடிச்சுக்கோ, ஆடுது," என்றாள்.

மே 18, திங்கள்

செவ்வாய், வியாழன் குடியை விடும் வகுப்புக்கு அம்மாவை நான்தான் கூட்டிப் போகிறேன். வேறு வேலைக்கு விண்ணப்பங்கள் சமையலறை மேசையில் கிடக்கின்றன. அதற்கு மேலே, ஃபிரிட்ஜ் கதவில், பழைய எண்தகடுகள் இரண்டு. அம்மா எப்போது ஒட்டினாள் என்று கேட்கவில்லை. எதிலிருந்து எண்ணுகிறாள் என்றும் கேட்கவில்லை. மார்ச் 13-லிருந்துதான்.

பலகையில் இன்று 4. ஃபிரிட்ஜில் 66.

பெட்டியில் இன்னொரு 6 இருக்கிறது. பார்த்தேன். மூடி வைத்துவிட்டேன்.