அகிலா விடாத கோட்டை

5-10-2025, கராமா, துபாய்

மஹதி வரலாற்றில் வகுப்பிலேயே முதல் மார்க். விமலுக்கு நீச்சலில் வெள்ளிப் பதக்கம். ஊரில் என் இளையவன் ஷ்யாமின் மகள் சந்தியா வங்கித் தேர்வில் தேறிவிட்டாள். ஐந்தாவதோடு நின்ற எனக்கு இப்படிப் பேரப்பிள்ளைகள்! மஹதி, விமலின் அப்பா, என் மூத்தவன் ராஜீவ் இருந்தால் ஆபீஸ் முழுக்க லட்டு கொடுத்திருப்பான். மார்ச்சில் மாரடைப்பு. போய்விட்டான்.

7-10

பள்ளியில் பேசுவதற்காக, பழங்கால இங்கிலாந்துச் சீமாட்டிகளைப் பற்றி மஹதி என்னிடம் பேசிப் பார்த்தாள். புருஷன் சண்டைக்குப் போனால் கோட்டை, காவல், தானியம் எல்லாம் அவள் பொறுப்பாம்.

"புருஷன் செத்தா?" என்று கேட்டேன்.

"நிலத்துல மூணுல ஒரு பங்கு அவ சாகுற வரைக்கும் அவளுக்குத்தான் பாட்டி. வேற கல்யாணம் பண்ணுன்னு ராஜாகூட கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு சட்டமே வந்துச்சு."

லிங்கன் என்ற ஊரில் ஒரு விதவை, வயதானவள், படை சூழ்ந்தும் கோட்டையை விடவில்லையாம். "உங்கள மாதிரியே பிடிவாதம்!"

மருமகள் அகிலா அடுப்புப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

10-10

ஷ்யாம் பேசினான். "ஆம்பள இல்லாத வீட்டுக்கு துபாய் எதுக்கும்மா? அண்ணியையும் பிள்ளைகளையும் கூட்டிட்டு வந்துருங்க. உங்க பேச்சைத் தட்ட மாட்டாங்க."

தட்டமாட்டாள். அதுதான் பயமாக இருக்கிறது.

11-10

அகிலாவுக்கு ஒரு கிளினிக்கில் வேலை கிடைத்துவிட்டது! பிள்ளைகள் விசாவைத் தன் பேரில் எடுத்துக்கொள்ளலாம். என்னுடையது ராஜீவ் பேரில் இருந்தது. மாமியாருக்கு எடுக்க இந்தச் சம்பளம் போதாதாம்.

"நீங்க இல்லாம நான் எப்படி அத்தை? எல்லாருமே ஊருக்குப் போயிடலாம்" என்று அழுதாள்.

நான் சரி என்றால் போதும். பிள்ளைகள் என்னோடே இருப்பார்கள். சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது — முருகா, நான் என்ன செய்ய?

12-10

ஷ்யாமை நானே கூப்பிட்டேன். "எனக்கு மட்டும் டிக்கெட் போடு."

"அண்ணி தனியா—"

"அவ வீட்ல அவ இருக்கா. உனக்கென்னடா?"

அகிலாவிடம், இங்கே பழகிய அரபு வார்த்தையைப் போட்டு, "கலாஸ், பேச்சு முடிஞ்சுது" என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

30-10

விமல் என் சேலையைப் பிடித்துக்கொண்டே தூங்கிவிட்டான். பெட்டி இன்னும் கட்டவில்லை.

20-11, தென்காசி

வீடு பெரிதாகத் தெரிகிறது. போனில் அழாமல் பேசப் பழகிவிட்டேன். வைத்த பிறகுதான் அழுகை.

இன்று ஷ்யாமும் பார்க்கிற குடும்ப வாட்ஸப்பில் நானே எழுதிப் போட்டேன்: "அகிலா, என்னிடம் இருக்கிற படத்தில் பிள்ளைகள் ராஜீவ் தோளில் இருக்கிறார்கள். பார்க்க முடியவில்லை அம்மா. புதிதாக ஒன்று எடுத்துப் போடு. நீ நடுவில் நில்."