ஷீப் தெரு வீட்டின் முன்படிகள்

ஷீப் தெரு, கோர்ஸ்லி
மார்ச் 3, 1997

அன்புத் தம்பி ரோலண்டுக்கு,

நீ சுகம்தானே? இங்கே எல்லாரும் சுகம் என்று எழுத எனக்கும் ஆசைதான். பக்கவாதம் வந்ததிலிருந்து உன் அத்தான் வில்ஃபுக்குச் சக்கர நாற்காலியும் முன்னறை ஜன்னலுமே கதி. வாசலில் மூன்று கல்படி இருக்கிறதே, அதன்மேல் ஒரு சரிவுப் பாதை கட்ட நகரசபையில் மனு போட்டேன். வழக்கம்போல அறிவிப்பை விளக்குக் கம்பத்தில் கட்டினார்கள். தெருவில் ஒருத்தரும் ஆட்சேபிக்கவில்லை. வந்தது ஒரே கடிதம், பாரம்பரியச் சங்கச் செயலாளரிடமிருந்து. அதாவது உன்னிடமிருந்து!

"பழைய முகப்பு வரிசையின் அழகு கெடும்" என்று எழுதியிருக்கிறாய். போன ஞாயிறு என் வீட்டில் உட்கார்ந்து வறுத்த ஆட்டிறைச்சி சாப்பிட்டாயே, அப்போது வாயில் என்ன கொழுக்கட்டையா?

உன் அக்கா,
பெரில்

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

கோபப்படாதே. ஷீப் தெரு வீடுகள் பாதுகாக்க வேண்டிய பழைய கட்டடங்களின் அரசுப் பட்டியலில் இருப்பவை; அங்கே யார் மனு போட்டாலும் சங்கம் ஆட்சேபம் அனுப்பும், அது எங்கள் நடைமுறை. எதிர்வீட்டு டாக்டரின் பிளாஸ்டிக் ஜன்னலைத் தடுத்தவன் நான். சொந்த அக்கா என்று விட்டால் ஊர் என்ன பேசும்? இருநூறு வருஷம் கால்பட்டுத் தேய்ந்த கல் அது. அத்தானைப் பின்கதவு வழியாக அழைத்துப் போகலாமே.

அன்புடன்,
ரோலண்ட்

மார்ச் 12

தம்பி,

பின்கதவா? நீ இந்த வீட்டில்தானே பிறந்தாய்? அந்தச் சந்தில் குப்பைத் தொட்டியையே பக்கவாட்டில் திருப்பித்தான் கொண்டு போகிறேன்!

இருநூறு வருஷக் கல்லாம்! அந்தப் படி நம் அப்பா போட்டது. ராணிக்கு முடிசூட்டிய 1953-ஆம் வருஷம், பழைய பிரார்த்தனைக் கூடத்தை இடித்தபோது கல் வாங்கி வந்து சிமென்ட் வைத்துக் கட்டினார். தண்ணீர் ஊற்றியது நான். நீ தொட்டிலில் கிடந்தாய்.

வில்ஃப் உன்னிடம் சொல்லச் சொன்னார்: "என்னையும் அந்தப் பட்டியல்ல சேர்த்துடச் சொல்லு பெரில். அப்பவாவது உன் தம்பி என்னைப் பத்திக் கவலைப்படுவான்." வாய் கோணியபடி சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பெரில் அக்கா

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பா போட்ட படி என்பது எனக்குப் புதுச் செய்தி. ஆனால் சட்டத்துக்கு அது பொருட்டில்லை. வீடு பட்டியலில் ஏறிய நாளில் படி இருந்தது, ஆகவே படியும் பட்டியலில் சேர்ந்ததுதான். அப்பாவின் கைவேலை என்றால் காப்பாற்ற இன்னொரு காரணமும் ஆயிற்று. கமிட்டியில் பேசிப் பார்க்கிறேன். கொஞ்சம் பொறு.

ரோலண்ட்

ஜூன் 18

அன்புள்ள அக்காவுக்கு,

ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை? நல்ல செய்தி. கமிட்டியில் எல்லோரிடமும் வாதாடி ஆட்சேபத்தைத் திரும்பப் பெற்றுவிட்டேன். கல்லில் ஆணி அடிக்காமல் மரத்தில் சரிவு கட்டலாம். நேற்று வீட்டுப் பக்கம் போனேன், திரை மூடியிருந்தது. அத்தானிடம் சொல், இனி அவர் ராஜா மாதிரி வெளியே வரலாம்.

அன்புத் தம்பி,
ரோலண்ட்

கீழ்த்தளம், ஸ்டேஷன் சாலை
ஜூலை 2

ரோலண்ட்,

உன் கடிதத்தைத் தபால்காரர் இங்கே அனுப்பினார். மே மாதமே வந்துவிட்டோம். நகரசபை கட்டிய சிமென்ட் குடியிருப்பு, தீப்பெட்டி மாதிரி இருக்கும். உனக்குப் பிடிக்காது. அப்பா வீட்டை விற்கக் கொடுத்தாயிற்று. சாவியைக் கொடுத்த அன்று அழுதேன்.

ஏப்ரலில் ஒரு நாள் நல்ல வெயில். "ஒரே ஒரு தடவை தெருவுக்குப் போலாமா பெரில்?" என்று வில்ஃப் கேட்டார். பக்கத்து வீட்டு ஆட்கள் இரண்டு பேரை நாற்காலியோடு தூக்கச் சொன்னேன். ஒருவருக்குக் கால் இடறியது. வில்ஃப் படியில் விழுந்து, எழ முடியாமல், போகிறவர் வருகிறவர் முன்னால் கிடந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். எனக்கு உன்மேல் இருந்த பாசமும் அன்றே போயிற்று.

இப்போது தினமும் தானே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்ச் செய்தித்தாள் வாங்கி வருகிறார். இந்த வீட்டுக்குப் படி கிடையாது, யார் வேண்டுமானாலும் வரலாம். நீ மட்டும் வராதே.

பெரில்