பதினோராம் சதுரம்

மார்ச் 4

அன்புள்ள பொடிசுக்கு,

பதினெட்டு வருடம் கழித்து என் கையெழுத்தைக் கண்டதும் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாய். முகவரியை உன் தம்பியிடம் வாங்கினேன். அச்சகத்தில் பிழை திருத்துகிறாயாமே. என் எழுத்தைத் திருத்திப் பழகிய கைதானே.

நான் அதே தாவரக் கணக்கெடுப்பு அலுவலகத்தில், அதே ஆடும் நாற்காலியில்தான் இருக்கிறேன். நம் மலைச்சரிவின் செடிகளை மறுபடி எண்ணச் சொல்லிவிட்டார்கள். நாம் கயிறு கட்டி எண்ணிய அதே பன்னிரண்டு சதுரங்கள், ஒவ்வொன்றும் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர். அப்போது சாலையோரத்தில் நாலு மஞ்சள் பூப் புதர் நின்றது நினைவிருக்கிறதா? அழகாக இருக்கிறதென்று நான்தான் படம் எடுத்தேன். இப்போது பாதிச் சரிவு அதுதான். நாலாம் சதுரத்தில் நாம் முப்பத்தொரு வகைச் செடி எழுதியிருக்கிறோம். போன வாரம் புதருக்கடியில் தவழ்ந்து போய்ப் பார்த்தேன். மூன்று. நல்ல புல்வெளியில் ஒரு சதுரத்தை முடிக்க ஒன்றரை மணி நேரம் மண்டி போட வேண்டும். புதருக்கடியில் ஐந்து நிமிடம் போதும். வேலை சுலபமாகிவிட்டது, அதுதான் கவலை.

ஒரு சந்தேகம். பதினொன்றும் பன்னிரண்டும் நீ தனியாகப் போய் எழுதியவை. பதினொன்று ஓடைக்கு அந்தப் பக்கம், வருடம் முழுக்க ஈரம். உன் தாளில் ஒரு கோரைகூட இல்லையே. தாள் எங்கேயாவது மாறிவிட்டதா? அன்றைய குறிப்பேடு உன்னிடம் இருந்தால் பார்த்துச் சொல். புதரை வெட்டி எடுப்பதா வேண்டாமா என்பதை என் அறிக்கையை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

குறை சொல்ல எழுதவில்லை. ஆனாலும், சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போனாயே, அந்தக் குறை உண்டு.

உன்,
நெட்டை


மார்ச் 15

அன்புள்ள நெட்டைக்கு,

கடிதம் கண்டேன், சந்தோஷம். நான் நலம். அவரும் நலம். எனக்கு இடது முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. இங்கே நாள் முழுக்கப் பாடப்புத்தகம் திருத்துகிறேன். கண்ணாடியின் தடிமனைப் பார்த்தால் நீ சிரிப்பாய்.

குறிப்பேடு இல்லை. வீடு மாறும்போது போய்விட்டது. நீ சொல்கிறபடி தாள் மாறியிருக்கலாம். இத்தனை வருடத்துக்குப் பிறகு எனக்கு என்ன நினைவிருக்கப் போகிறது?

உடம்பைப் பார்த்துக்கொள்.

பொடிசு


மார்ச் 22

பொடிசுக்கு,

தாள் மாறவில்லை. ஒன்பதாம் சதுரத்தில் ஒரு செடியின் பெயரைத் தவறுதலாக இரண்டு தரம் எழுதியிருக்கிறாய். பதினொன்றிலும் அதே பெயர் இரண்டு தரம். மற்றதெல்லாம் அதே செடிகள், அதே வரிசை. பன்னிரண்டு அப்படியே பத்தாம் சதுரம்.

கோபமாகத்தான் எழுதுகிறேன். புதர் வேண்டும் என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் இந்தத் தாள் கிடைத்தால் பன்னிரண்டு சதுரத்தின் தாள்களையும் குப்பையில் போடுவார்கள். மேலதிகாரியிடம் இன்னும் வாய் திறக்கவில்லை. உன்னைக் கேட்காமல் சொல்ல மனம் வரவில்லை. நீ மழுப்பினால் நான் உனக்காகப் பொய் சொல்ல வேண்டியிருக்கும். அதை மட்டும் செய்ய வைக்காதே.

என்னிடம் சொல்ல முடியாதபடி என்ன நடந்தது?

நெட்டை


ஏப்ரல் 2

அன்புள்ள நெட்டை,

நாலு தரம் எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

அன்றைக்கு எனக்கு மூன்றாவது மாதம். அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரிந்தால் மலைவேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று உன்னிடம்கூடச் சொல்லவில்லை. காலையிலிருந்தே வயிற்றுவலி. "மழை வர்றதுக்குள்ள அந்த ரெண்டையும் முடிச்சிடுடி, நான் கீழ தாளெல்லாம் சரிபார்க்கிறேன்" என்று சொன்னாய். சரி என்று நான்தான் ஏறினேன்.

ஓடைக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்துவிட்டேன். என்ன நடக்கிறது என்று புரிந்தது. இரண்டு மணி நேரம் எழுந்திருக்க முடியவில்லை. கூப்பிட்டாலும் உனக்குக் கேட்காது. பிறகு ஓடையில் துணியை அலசினேன். வெறுந்தாளோடு இறங்கினால் ஏன் என்று கேட்பாய், கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும். உன்னிடம் கொடுக்காமல் பையிலேயே இருந்த ஒன்பதாம், பத்தாம் சதுரத் தாள்களைப் பார்த்து எழுதினேன். "என்னடி, அதுக்குள்ள முடிச்சிட்ட? கெட்டிக்காரி" என்று முதுகில் தட்டினாய்.

அதன் பிறகு உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உன்மேல் கோபமா, அந்தத் தாளை நினைத்து வெட்கமா, இன்றைக்கும் தெரியாது. அதனால்தான் போனேன். எங்களுக்கு அப்புறம் குழந்தை பிறக்கவில்லை. இதையும் எழுதிவிடுகிறேன், பாதி சொன்னால் நீ துளைத்துக் கேட்பாய்.

தாளில் இருப்பது என் கையெழுத்து. பொய்த்தாள் என்றே எழுதிவிடு. எனக்காக எதையும் மூடாதே.

பொடிசு


ஏப்ரல் 11

என் பொடிசுக்கு,

உன் கடிதத்தை அலுவலகத்தில் பிரித்தேன். பிரித்திருக்கக் கூடாது. மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அன்று காலை நீ பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றாய். நான் பார்த்தேன். சோம்பல்படுகிறாய் என்று நினைத்தேன். மன்னித்துவிடு என்று எழுதினால் போதாது என்று தெரியும். வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

மேலதிகாரியிடம் இரண்டு தாளையும் கொண்டுபோய் வைத்தேன். "ரெண்டை எடுத்துட்டா, மிச்சம் பத்தும் பொய்னு சொல்ல மாட்டாங்களா?" என்றார். "சொல்லட்டும் சார். அந்தப் பத்துக்கும் நானும் பக்கத்துலயே மண்டி போட்டிருந்தேன்" என்றேன். கணக்கெடுத்தவருக்கு உடல்நிலை மோசமாக இருந்தது, விசாரிக்காமல் தனியே அனுப்பியது என் தவறு, இரண்டு தாளும் செல்லாது என்று எழுதிக் கொடுத்தேன். அதற்கு மேல் ஒரு வரி எழுதவில்லை. மீதி உன்னுடையது. அவர் இரண்டு நாள் அதை மேசையிலேயே வைத்திருந்தார். மூன்றாம் நாள் பத்துத் தாளோடு அறிக்கையை அனுப்பிவிட்டார்.

நேற்று பதினொன்றை எண்ணினேன். புதர் இன்னும் ஓடையைத் தாண்டவில்லை, ஆனால் இந்தக் கரைக்கு வந்துவிட்டது. முப்பத்தெட்டு வகை, அதில் ஆறு கோரை. இரண்டு செடிக்குப் பெயர் தெரியாமல் படம் வரைந்து வைத்திருக்கிறேன். என் படம் எந்த லட்சணத்தில் இருக்கும் என்று உனக்குத் தெரியும்.

பன்னிரண்டை இன்னும் தொடவில்லை. வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. வந்தால் என் வீட்டில் ஜன்னலோரக் கட்டில் உன்னுடையது.

நெட்டை


ஏப்ரல் 20

அன்புள்ள நெட்டைக்கு,

உன் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு நெடுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "போயிட்டு வா. நானும் ஒரு தடவை அந்த இடத்தைப் பார்க்கணும், ஆனா இந்த முறை நீங்க ரெண்டு பேரும் போங்க" என்றார்.

அச்சகத்தில் ஆறு நாள் விடுப்பு வாங்கியாயிற்று. வியாழக்கிழமை பகல் பஸ்ஸில் வருகிறேன். முழங்காலுக்காக மெதுவாக நட. சுற்றுவழி வேண்டாம், ஓடை வழியாகவே ஏறுவோம். அங்கே நான் கொஞ்ச நேரம் உட்காருவேன். எதுவும் பேசாதே. பக்கத்தில் உட்கார்ந்திரு.

பொடிசு