நம் வீட்டருகே வளைந்த கோடு

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். குழந்தைக்கு இருமல் விட்டதா என்று எழுது. அப்பாவின் முட்டிவலி பரவாயில்லை, மாடிப்படி மட்டும் நான் ஏற விடுவதில்லை. எனக்குத் தையல் வேலை நின்றுவிட்டது, பதினைந்து நாளாகத் தெருவில் ஒருவரும் துணி கொண்டுவருவதில்லை. போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் மாமா கவுன்சிலராக நான் எத்தனை வீட்டுப் படி ஏறினேன் என்று உனக்குத் தெரியும். போன வருஷம் ஒரு தாளோடு வந்தான், சாக்கடை கட்ட மனு கொடுக்கணும், தெருக்காரங்ககிட்ட கையெழுத்து வாங்கிக் குடுக்கா என்றான். மேலே ஒன்றும் எழுதியிருக்கவில்லை, பிறகு டைப் அடித்துக்கொள்வதாகச் சொன்னான். கூடப் பிறந்தவனாயிற்றே, முதல் கையெழுத்து நானே போட்டு, நாற்பது வீட்டில் வாங்கியும் கொடுத்தேன். பக்கத்து வீட்டு டீச்சர் மட்டும் வெத்துத் தாள்ல எப்படிங்க போடறது என்று தயங்கினார். என்னை நம்பிப் போடுங்க டீச்சர் என்றேன், போட்டுவிட்டார்.

இந்த மாதம் புதிய நகரத் திட்டத்தின் வரைபடத்தை நகராட்சிச் சுவரில் ஒட்டினார்கள். பின்னாலிருக்கும் விளையாட்டுத் திடலில் கிடங்குகள் வருமாம், லாரி போக நம் தெரு அறுபதடிச் சாலையாகிறதாம். நம் வரிசையில் வீடு வீடாக முன்னறை போகிறது, டீச்சருக்குப் பாதி வீடே போகிறது. தெருக்காரர்கள் சம்மதம் என்று மேலே டைப் அடித்துக் கூடவே அந்தத் தாள், முதலில் என் கையெழுத்து. அதுகூடப் பெரிதில்லை. சாலையின் எல்லையாக நேராக வரும் சிவப்புக் கோடு நம் வீட்டருகே மட்டும் ஒதுங்கி வளைந்து, தாண்டியதும் மறுபடி நேராகப் போகிறது. டீச்சர் அந்த வளைவை விரலால் தடவிப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

அங்கிருந்து நேரே மாமா வீட்டுக்குப் போனேன். உன் வீட்டைக் காப்பாத்த எத்தனை பேர் காலைப் புடிச்சேன் தெரியுமாக்கா, ஊரு வளர வேணாமா என்றான். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எனக்கு நல்லது செய்துவிட்ட முகத்தோடு உட்கார்ந்திருந்தான்.

ஆட்சேபனை சொல்ல ஒரு மாதம் அவகாசம். சாக்கடைக்கென்று சொல்லி வாங்கிய கையெழுத்து, வாங்கியவள் நான், வாங்கச் சொன்னவன் என் தம்பி என்று எழுதினேன். சாலை போட்டே தீர வேண்டுமானால் கோடு என் வீட்டிலும் நேராகவே போகட்டும் என்று கடைசியில் சேர்த்தேன். நகராட்சிக் குமாஸ்தா இரண்டு தடவை படித்துவிட்டு, நெஜமாவே இப்படித்தான் குடுக்கறீங்களாம்மா என்று கேட்டார். முத்திரை போட்டு நகல் கொடுங்க என்றேன். அந்த நகலோடு கையெழுத்துக் கேட்டு நாற்பது வீட்டுக்கும் மறுபடி போனேன். சிலர் கதவே திறக்கவில்லை. இதையும் நம்பித்தான் போடணுமா என்று டீச்சர் கேட்டார். வேண்டாம், முழுசாப் படிச்சுட்டுப் போடுங்க என்றேன். வாங்கி வைத்துக்கொண்டார், இன்னும் போடவில்லை.

கோடு நேரானால் நம் வீட்டில் போவது நீ படித்து வளர்ந்த முன்னறை. உன்னைக் கேட்காமல் எழுதிக் கொடுத்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்குப் புத்தி சொல் என்று மாமா போன் செய்வான், மரியாதையாகப் பேசு, எனக்காக எதற்கும் சரி என்று சொல்லிவிடாதே. உறவை முறித்துக்கொள்ளாதே என்கிறார் அப்பா. நான் முறிக்கவில்லை, வந்தால் சோறு போடுவேன். போட்டுவிட்டு, எதற்கு வந்திருக்கிறான் என்று யோசித்துக்கொண்டே நிற்பேன், அவ்வளவுதான்.

மூன்று பேரும் நோய்நொடியில்லாமல் நிறைந்து வாழுங்கள். குழந்தைக்கு ஸ்வெட்டர் அளவு அனுப்ப மறக்காதே, இப்போது நேரம் நிறைய இருக்கிறது.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா